வரலாறும் ஆங்கிலமும் சேர்த்துப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

இவ்வாண்டு எங்களுக்கு வந்த மனுக்களில் பெரும்பாலானவை பொறியியலுக்கும் வணிகவியலுக்கும் நர்சிங்குக்கும்தான். இரண்டு மட்டும் வேறு மாதிரி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, ஆங்கிலம் இரண்டையும் சேர்த்து பி.ஏ. படிக்க வேண்டும் என்று இரு பெண் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். நிர்வாகக் குழுவில் நெடுநேரம் பேசினோம். "இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும் பாய்?" என்று கேட்டவர்களும் உண்டு. ஊர்மக்கள் கொடுத்த பணம், கேட்கத்தான் வேண்டும்.

அங்கே இதற்குப் பெயர் பி.ஏ. புரோகிராம். ஒரே பாடத்தில் ஆனர்ஸ் எடுப்பதற்குப் பதிலாக, கல்லூரி தரும் ஜோடிகளில் ஒன்றைத் தேர்ந்து இரு துறைகளையும் படிக்கலாம். எல்லாக் கல்லூரியிலும் எல்லா ஜோடியும் கிடையாது. மூன்றாண்டில் பட்டம் பெற்று வரலாம், நான்காம் ஆண்டும் தொடரலாம்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் என்ன லாபம்? இப்னு பதூதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1340களில் நம் மதுரைக்கே வந்தவர். அங்கிருந்த சுல்தான் அவருக்குச் சகலை முறை. ஆனாலும் அந்த சுல்தான் செய்த கொடுமைகளை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மதுரையின் வரலாற்றுக்கு அது பெரிய சாட்சி. ஆனால் அந்தப் பயண நூலை அவர் தம் கையால் எழுதவில்லை. ஊர் திரும்பிய பின் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்பவர் எழுதினார். டமாஸ்கஸ், மக்கா வருணனைகளில் முன்னோரான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தும் சேர்த்தார். எது கண்டது, எது கேட்டது, எது நடைக்காகச் சேர்ந்தது என்று பிரித்தறிய வரலாற்று மாணவரின் சந்தேகமும் வேண்டும், இலக்கிய மாணவரின் காதும் வேண்டும். மதரஸாவில் ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசையை ஓதியவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல என்பதையும் சொல்லிக்கொள்கிறோம்.

அஹ்மத் அலி என்ற டெல்லிக்காரர் ஆங்கிலத்தில் எழுதி 1940இல் லண்டனில் வெளிவந்த நாவலில் 1911 தர்பார் ஊர்வலம் வருகிறது. தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுவதை அந்த தர்பாரில் அறிவித்தார்கள் என்பது வரலாற்றுப் பாடம். ஊர்வலத்தைப் பார்க்கும் ஒரு டெல்லிக் கிழவருக்கு 1857 நினைவு வந்து கண் கலங்குவது நாவலில்தான் கிடைக்கும்.

வேலை விஷயத்துக்கு வருவோம். பட்டம் கையில் வந்த மறுநாளே சம்பளம் தரும் படிப்பு அல்ல இது. அதை மறைக்க மாட்டோம். ஆசிரியராக பி.எட். வேண்டும், கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ.வும் நெட் தேர்வும் வேண்டும். மூன்றாண்டு சட்டப் படிப்பு, குடிமைப் பணித் தேர்வு, பத்திரிகை, மொழிபெயர்ப்பு, ஆவணக் காப்பகம் என்று வழிகள் உண்டு. நம் வக்ஃபு பத்திரங்களைப் படித்து, வழக்குமன்றத்துக்கு ஏற்ற ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் தேடி நாங்கள் அலைவது உங்களுக்குத் தெரியும்.

சேர்க்கை, 2022 முதல் சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான். பிளஸ் டூ முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்பக் கெடு போய்விடும். வரலாற்றுத் தாள் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒட்டியது. நம் மாநிலப் பாடநூல் மட்டும் போதாது. மூன்று பாகங்களும் இணையத்தில் இலவசம்.

கல்லூரிக் கட்டணத்தைவிட டெல்லியில் தங்கும் செலவுதான் பெரிது. விடுதி இடங்கள் குறைவு. ஆகவே இரு பிள்ளைகளுக்கும் கட்டணத்தோடு தங்கும் செலவிலும் பாதியை அறக்கட்டளை ஏற்கும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு பிள்ளையின் அத்தா இன்னும் சம்மதிக்கவில்லை. அவ்வளவு தூரம் பெண்ணைத் தனியே அனுப்பத் தயங்குவதை நாங்கள் குறை சொல்லவில்லை. அவரும் இங்கே வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ். படிவம் வேண்டுவோர் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம்.

வஸ்ஸலாம்.