தமிழில் தேடும் நோயாளிக்கு நாம் என்ன எழுதி வைக்கப் போகிறோம்?

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் ஒழுங்கு செய்த கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எமது நூற்றாண்டின் நினைவாகத் தமிழில் ஒரு சுகாதார இணையத்தளம் தொடங்குவதெனச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் முடிவாகியது. அந்தப் பொறுப்பு மருத்துவத் துறையில் இருக்கும் பழைய மாணவிகளாகிய எங்கள் கையில் தரப்பட்டிருக்கிறது. தளத்தை அமைத்துத் தருவதற்குக் கணினித் துறையில் இருக்கும் தங்கைமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பெரிய வேலையில்லை. அதில் எதை எழுதுவது, எந்த ஒழுங்கில் எழுதுவது, எழுதியது தேடுபவரின் கண்ணில் படுவதற்கு என்ன வழி என்பதுதான் எங்களை இத்தனை மாதமும் பேசவைத்த விடயம். அதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்மார் எங்களிடம் வருமுன்னர் கைத்தொலைபேசியிடம் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அதைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. நடுச்சாமத்தில் வேறு யாரிடம் கேட்பது? ஆனால் தமிழில் கேட்டால் என்ன பதில் வருகிறது என்று நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். பப்பாசி இலைச் சாறு டெங்குவைப் போக்கும் என்று வரும். சலரோகத்தை அடியோடு தீர்க்கலாம் என்று வரும். அந்தப் பேச்சை நம்பி இன்சுலினை நிறுத்தி, நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்களை நாங்கள் வார்டில் கண்டிருக்கிறோம். சரியான தகவல் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது. அது அநேகமாக ஆங்கிலத்தில் இருக்கிறது, அல்லது தேடுபொறிக்கு எட்டாத மூலையில் இருக்கிறது.

தேடுபொறி எதை முதலில் காட்டுவது என்று எப்படித் தீர்மானிக்கிறது? மருத்துவம் படித்தவர்களுக்கு இதன் அடிப்படை விளங்குவது சுலபம். ஓர் ஆய்வுக் கட்டுரையை வேறு எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணி அதன் செல்வாக்கை அளக்கும் முறை எங்களுக்குப் பழக்கமானது. யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் அறிவியல் மேற்கோள் சுட்டியை வெளியிட்டதிலிருந்து அது வழக்கில் இருக்கிறது. 1998இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் சேர்ஜி பிரின்னும் அதே எண்ணத்தை இணையப் பக்கங்களுக்குப் பொருத்தினார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு மேற்கோள். மேற்கோள் காட்டுபவர் பெரியவராக இருந்தால் அதற்கு நிறையும் கூட. கூகுள் அதிலிருந்து வளர்ந்ததுதான். இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் மற்றவர்கள் உன்னை நம்பிச் சுட்டுகிறார்களா என்ற கேள்வி இன்னமும் அங்கே இருக்கிறது.

எங்கள் துறைக்கு ஒரு மேலதிகக் கட்டுப்பாடும் உண்டு. தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்ப்பதற்கு கூகுள் மனிதர்களையும் அமர்த்தியிருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்கும் வழிகாட்டியில் 'உங்கள் பணம் அல்லது உங்கள் உயிர்' என்று ஒரு வகுப்பு இருக்கிறது. உடல்நலம் அதற்குள் அடங்கும். அந்த வகையான பக்கங்களுக்கு மற்றவற்றைவிடக் கடுமையான அளவுகோல். எழுதியவர் யார், அவருக்கு அந்தத் துறையில் தேர்ச்சி உண்டா, தளம் யாருடையது, நம்பலாமா என்று பார்க்கச் சொல்கிறது. 2022 டிசம்பரில் அந்தப் பட்டியலில் 'அனுபவம்' என்பதையும் சேர்த்தார்கள். இந்தத் தரம் பார்ப்பவர்கள் போடும் புள்ளி ஒரு பக்கத்தை நேரடியாக ஏற்றவோ இறக்கவோ செய்யாது. ஆனால் தேடுபொறி எந்தத் திசையில் போக விரும்புகிறது என்பது அதில் தெரிகிறது. ஆகவே எமது தளத்தில் பெயரில்லாத கட்டுரை ஒன்றும் வராது. எழுதியவரின் பெயர், தகைமை, கடைசியாகத் திருத்திய திகதி மூன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும்.

எதை எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் இழுபறி. தலைமயிர் உதிர்வது முதல் இருதய சத்திரசிகிச்சை வரை எல்லாவற்றிலும் ஒவ்வொரு கட்டுரை போட்டுத் தளத்தை நிரப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். இப்படி எல்லாவற்றையும் தொட்டு எதையும் முடிக்காத தளங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அவற்றோடு போட்டி போட எங்களிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. இரவுக் கடமை முடிந்து வந்து எழுதுகிறவர்கள் நாங்கள். ஒரு பொருளை எடுத்து, அதைப் பற்றி ஒரு நோயாளி கேட்கக்கூடிய அத்தனை கேள்விக்கும் பதில் எழுதி, அந்தப் பக்கங்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், அந்தப் பொருளில் எமது தளத்துக்கு ஒரு இடம் கிடைக்கும். அதன் பிறகு அடுத்த பொருள். முதல் வருடத்துக்குக் காய்ச்சல், சலரோகம் இரண்டு மட்டும். மாதம் இரண்டு கட்டுரை. வன்னியில் வேலை செய்யும் எங்கள் தோழி ஒருவர் பாம்புக்கடியையும் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதை இரண்டாம் வருடத்துக்கு ஒத்தி வைத்திருக்கிறோம்.

டெங்குவை எப்படித் திட்டமிட்டோம் என்று சொன்னால் விளங்கும். நடுவில் டெங்கு பற்றிய ஒரு பெரிய பக்கம். அதிலிருந்து கிளைகள். காய்ச்சல் தொடங்கிய முதல் நாள் என்ன செய்வது? இரத்தப் பரிசோதனை எப்போது? பனடோல் எவ்வளவு கொடுக்கலாம், அஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்குளோபினாக் ஏன் தொடக்கூடாது? வெறும் தண்ணீர் மட்டும் போதுமா, ஜீவனி, கஞ்சி, செவ்விளநீர் ஏன்? கர்ப்பிணிக்கு வந்தால் என்ன? இவற்றில் எங்களுக்கு உயிரான பக்கம் ஒன்று: 'காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லையா?' என்பது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும் ஆபத்து வருகிறது. பிள்ளைக்குச் சுகம் என்று வீட்டார் நிம்மதியடையும் அதே நேரம் அது. வயிற்று வலி, விடாத சத்தி, சோர்வு, சிறுநீர் குறைவது, இரத்தம் கசிவது, இவற்றில் ஒன்று கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே இருக்கும். பப்பாசி இலைக்கும் தனிப் பக்கம் உண்டு. ஏசாமல், நையாண்டி செய்யாமல், அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போவதால் வரும் ஆபத்தை எழுதுவோம். தேடுபவர் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார். அங்கே நாங்கள் இல்லாவிட்டால் வேறொருவர் இருப்பார்.

காலமும் முக்கியம். 2017இல் எமது நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் வரை டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். கொழும்புப் பக்கம் தென்மேற்குப் பருவமழையோடு கூடும். வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழையோடு கூடும். புதிய பக்கமொன்றைத் தேடுபொறி கண்டுபிடித்து, சுட்டியில் சேர்த்து, நம்பத் தொடங்க வாரங்கள் போகும், மாதங்களும் ஆகும். மழை பெய்த பிறகு எழுதத் தொடங்கினால் அந்த மாரிக்கு அது உதவாது. ஆகவே டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஓகஸ்டுக்குள் எழுதி முடிய வேண்டும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியபோது மக்கள் எவ்வளவு கலங்கினார்கள் என்பது இங்கிருக்கும் பலருக்குத் தெரியும்.

இனிச் சொல். இதில் எங்களுக்கு உங்கள் உதவி தேவை. பாடப்புத்தகத்தில் 'நீரிழிவு' என்று படித்தோம். தமிழ்நாட்டுத் தளங்களில் 'சர்க்கரை நோய்' என்று இருக்கும். எங்கள் கிளினிக்கில் வரும் அம்மா 'சலரோகம்' என்பார், 'சீனி வருத்தம்' என்பார், பேத்தி 'சுகர்' என்பாள். இரத்த அழுத்தம், குருதி அமுக்கம், பிரஷர் மூன்றும் ஒன்றுதான். ஆஸ்துமாவை 'முட்டு' என்றும் 'தொய்வு' என்றும் சொல்லும் ஊர்கள் உண்டு. தமிழ்நாட்டில் வாந்தி, எங்களிடம் சத்தி. கண்ணாடி விரியனை முத்திரைப் புடையன் என்று சொல்பவருக்கு அந்தச் சொல்லில் பதில் கிடைக்க வேண்டும். 1847இல் இங்கு வந்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களைத் தமிழாக்கினார். மருத்துவம் படிப்பவருக்குத் தமிழ்ச் சொல் இல்லை என்ற குறை அன்றே தீரத் தொடங்கிவிட்டது. நோயாளி வாயில் வரும் சொல்லை எழுதி வைப்பதுதான் இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை.

சலரோகத்தில் இது இன்னும் நன்றாக விளங்கும். அமெரிக்காவிலிருந்து வரும் உணவு அட்டவணையில் ஓட்ஸ் இருக்கும், புரோக்கோலி இருக்கும். எங்கள் ஆட்கள் கேட்பது: பனங்கட்டி சாப்பிடலாமா? குரக்கன் பிட்டு என்றால் எத்தனை கோப்பை? இடியப்பம் எத்தனை? நோன்பு காலத்தில் இன்சுலின் எப்படிப் போடுவது? பனங்கட்டியும் இரத்தத்தில் சீனியைத்தான் ஏற்றும் என்று ஒருவர் பெயர் போட்டுத் தெளிவாக எழுதினால் அந்தக் கேள்வியில் எங்களோடு போட்டி போட வெளிநாட்டுத் தளம் ஒன்றும் வராது. சிறிய தளம் பெரியவற்றுக்கு முன்னால் நிற்கக்கூடிய இடம் இப்படியான இடங்களில்தான் இருக்கிறது.

எழுத்துரு பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாட்டில் அச்சிட்ட எத்தனையோ நல்ல சுகாதாரத் துண்டுப்பிரசுரங்கள் பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. மனிதர் கண்ணுக்கு அழகான தமிழ். தேடுபொறிக்கோ அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த பிதற்றல். படமாக ஏற்றிய பிரசுரத்துக்கும் ஏறக்குறைய அதே கதிதான். உங்களிடம் அப்படியானவை இருந்தால் அனுப்புங்கள். எழுதியவரின் அனுமதி பெற்று யூனிகோடில் மாற்றுவோம்.

சில வேலைகளைச் செய்வதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். காசு கொடுத்து இணைப்பு வாங்கமாட்டோம். அது கூகுளின் விதிகளுக்கு விரோதம், பிடிபட்டால் தளமே பின்னுக்குப் போகும். தளத்தின் 'அதிகாரம்' என்று 1 முதல் 100 வரை புள்ளி போட்டுக் காட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தப் புள்ளியைத் தான் பாவிப்பதில்லை என்று கூகுள் சொல்லியிருக்கிறது. அதைக் கூட்டித் தருகிறோம் என்று யாராவது சங்கத்துக்கு மின்னஞ்சல் போட்டால் பொருளாளர் அக்கா தயவுசெய்து பதில் போட வேண்டாம். இயந்திரத்திடம் சொல்லி ஒரு நாளில் நூறு கட்டுரை எழுதுவிக்கும் யோசனையும் வந்தது. மருந்தின் அளவைப் பற்றிய ஒரு வரியை எங்களில் ஒருவர் வாசித்துக் கையொப்பம் இடாமல் வெளியிட முடியாது என்பதால் அதை விட்டோம்.

நேர்மையான இணைப்புகளுக்கு நீங்கள்தான் வழி. கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் தங்கைமார் பலர் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் தமிழ்ச் சங்கங்களிலும் இருக்கிறீர்கள். கட்டுரையை முதலில் வாசியுங்கள். உங்கள் தாய் தகப்பனுக்குப் பயன்படும் என்று பட்டால் மட்டும் உங்கள் தளத்தில் சுட்டுங்கள். எங்களுக்காக என்று சுட்ட வேண்டாம். தமிழாசிரியர்களாக இருக்கும் அக்காமார் வசனங்களைத் திருத்தித் தர வேண்டும். சலரோகத்தோடு பல வருடம் வாழ்பவர்களும் டெங்குப் பிள்ளையை வைத்துக் கண்விழித்தவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும். அது டாக்டர்களாகிய எங்களால் எழுத முடியாதது.

மண்டப வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம், பக்கத்தில் தாளும் இருக்கிறது. வெளியூரில் இருந்து இதை மலரில் வாசிப்பவர்கள் சங்கக் காரியதரிசிக்கு அனுப்பலாம். உங்கள் வீட்டில் வருத்தம் பற்றி யாராவது கேட்ட ஒரு கேள்வியை எழுதிப் போடுங்கள். கேட்டவர் எந்த ஊர் என்றும் எழுதுங்கள். அவர் வாயில் வந்த சொல்லிலேயே இருக்கட்டும், திருத்தி எழுத வேண்டாம்.