போதை ஆய்வும் வாயில்லா உயிர்களும்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் கரையோர வீதியில், களப்பு நீர் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது நாயாறு. ஒருபால் மீனவர் வாடிகள்; மறுபால் பற்றைக்காடு. அக்காட்டைச் சார்ந்த வன்னிக் கிராமங்களில் இரண்டு குறைகள் அடிக்கடி பேசப்படுகின்றன. கச்சானையும் தென்னங்குரும்பையையும் குரங்குகள் அழிக்கின்றன என்பது ஒன்று. போதைப்பொருள் இளைஞரை அழிக்கிறது என்பது மற்றொன்று. தொடர்பற்றவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஓரிடத்திலே சந்திக்கின்றன. அவ்விடம் ஆய்வுகூடம்.

போதைக்கு மனிதன் ஏன் அடிமையாகிறான் என்பதை அறியும் பொருட்டு, எலிகளும் குரங்குகளும் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. குரங்கின் இரத்தக் குழாயில் மெல்லிய குழாய் ஒன்று பொருத்தப்படும். கூண்டிலுள்ள நெம்புகோலை அது அழுத்தினால் மருந்து உடலுட் புகும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர் இம்முறையில் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். தடையின்றிக் கொக்கெயின் கிடைத்த குரங்குகள் உணவையும் உறக்கத்தையும் மறந்து நெம்புகோலை அழுத்தின. வலிப்புற்று மாண்டவையும் உண்டு. அடிமைப்படுதல் ஒழுக்கக் கேடு மாத்திரமன்று, உடலையும் மூளையையும் பற்றும் நோய் என்ற கருத்து இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது.

பயன் இல்லையென்று கூறிவிட முடியாது. நல்ட்ரெக்சோன் என்னும் மருந்து குரங்குகளின் மதுநாட்டத்தைக் குறைப்பதாக 1980ஆம் ஆண்டளவில் கண்டறியப்பட்டது. பின்னர் மனிதரிடையே பரிசோதிக்கப்பட்டு, 1994இல் மதுநோய்ச் சிகிச்சைக்கென அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. போதையை ஒருபோதும் அறியாத மனிதனுக்கு அதை ஊட்டிப் பார்ப்பது பெருங்குற்றம் ஆதலால், விலங்கை நாடினோம் என்பர் ஆய்வாளர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடலாகாது.

ஆயினும் எதிர்வாதமும் வலியது. குரங்கு மனிதனைப் பெரிதும் ஒத்தது என்பதனாலேயே அது தெரிந்தெடுக்கப்படுகிறது. அவ்வாறாயின் அதன் வேதனையும் மனித வேதனையை ஒத்ததன்றோ? ஒத்ததன்று எனின், அதனிடத்துக் கண்ட முடிவு மனிதனுக்கு எங்ஙனம் பொருந்தும்? போதையை நாடியது அக்குரங்கன்று. சிகிச்சையின் பயனை அடையப்போவதும் அதுவன்று.

கூண்டைப் பற்றியும் ஒரு கேள்வி எழுந்தது. 1970களின் இறுதியில் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாந்தர் என்ற உளவியலறிஞரும் அவர்தம் குழுவினரும் எலிகளுக்கென விசாலமான உறைவிடம் ஒன்றை அமைத்தனர். ஆங்கே விளையாட்டுப் பொருள்களும் கூடிவாழத் துணைகளும் இருந்தன. தனிக்கூண்டில் அடைபட்ட எலிகளைக் காட்டிலும், இவ்வெலிகள் மோர்பீன் கலந்த நீரைக் குறைவாகவே பருகின. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதே முடிவைத் தரவில்லை. எனினும், ஆய்வாளர் கண்டது மருந்தின் வலிமையையா, தனிமையின் கொடுமையையா என்ற ஐயம் நிலைத்துவிட்டது. தொழிலும் துணையுமின்றி வாடும் இளைஞர் உள்ள ஊர்கள் யாவும் சிந்திக்கவேண்டிய ஐயம் அது.

1959ஆம் ஆண்டிலே ரசல், பேர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் மூன்று நெறிகளை வகுத்தனர். மாற்றுவழி உண்டேல் விலங்கை விடுக; இன்றேல் எண்ணிக்கையைக் குறைக்க; எஞ்சியவற்றின் துன்பத்தைத் தணிக்க. போதைநோய் ஆய்வில் முதல் நெறிக்கு இடம் பெருகியிருக்கிறது. நோயுற்ற மனிதர் தம் முழுச் சம்மதத்துடன் பங்குபற்றும் ஆய்வுகளும், மூளையின் செயலைப் படம்பிடிக்கும் கருவிகளும் இன்று உள்ளன.

குரங்குகளை வழங்கும் நாடுகளுக்கும் இதில் பொறுப்புண்டு. ஒருகாலத்தில் அமெரிக்க ஆய்வுகூடங்களுக்கு ஏராளமான குரங்குகளை அனுப்பிவந்த இந்தியா, 1978இல் அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. 2023ஆம் ஆண்டில் இலங்கையிலும் இக்கேள்வி எழுந்தது. தலையிலே தொப்பி வைத்தாற்போன்ற மயிருடையதும், சிங்களத்தில் ரிலவா எனப்படுவதும், இத்தீவுக்கே உரியதுமான குரங்கில் ஓரிலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை வெளியாயிற்று. மிருகக்காட்சிச்சாலைகளுக்கென்று கூறப்பட்டபோதும், ஆய்வுகூடங்களுக்கே போய்ச்சேரும் என இயற்கை ஆர்வலர் அஞ்சினர். வழக்கும் தொடரப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அவ்வாறு ஏற்றுமதி நிகழாது என அரச தரப்பு நீதிமன்றுக்கு அறிவித்தது.

பயிரிழந்த கமக்காரனுடைய கோபம் நியாயமானதே. அவனுக்கு இழப்பீடும் காவலும் வேண்டும். ஆனால் தொல்லை தரும் உயிர் என்பதனால் அதன் வேதனைக்கு மதிப்பில்லை என்றாகிவிடாது. அவ்வாறே, விலங்குகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவு நூல்நிலையத்தில் உறங்குவதும் அறமாகாது. ஆய்விலே தெளிந்த சிகிச்சை வன்னியின் கடைக்கோடிக் கிராமத்து இளைஞனையும் எட்டவேண்டும். அதுவரை மனிதன் அவ்வுயிர்களுக்குப் பட்ட கடன் தீர்ந்ததாகாது.