முதலாம் சூசென்னஸ்: தானிஸிலிருந்து ஆண்ட அரசர்

முதலாம் சூசென்னஸ் எகிப்தின் 21ஆம் அரசமரபைச் சேர்ந்தவர். கி.மு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், நைல் கழிமுகத்தின் வடகிழக்கே இருந்த தானிஸ் நகரிலிருந்து ஆண்டார். மெனேத்தோ தொகுத்த அரசர் வரலாறு முழுமையாகக் கிடைக்கவில்லை. அதை எடுத்தெழுதியவர்களுள் ஆஃப்ரிக்கானஸ் இவருக்கு 46 ஆண்டுகளும் யூசிபியஸ் 41 ஆண்டுகளும் தருகின்றனர். எதைக் கொண்டாலும் நீண்ட ஆட்சிதான். இருந்தும் பாடநூல்கள் ஒரு வரியில் இவரைக் கடந்துவிடுகின்றன. ராமேசஸ் மன்னர்களின் பேரரசு சரிந்தது, நாடு இரண்டுபட்டது, பிறகு லிபிய வம்சத்தார் வந்தனர் என்று கதை முடிந்துவிடுகிறது. இக்கருத்தரங்கு எடுத்துக்கொண்ட காலப்பகுதியைச் சரிவுக்காலம் என்றே பேசிப் பழகிய பழக்கத்தின் விளைவு இது.

நாடு இரண்டுபட்டிருந்தது உண்மை. வடக்கே தானிஸில் மன்னரும் தெற்கே தீப்ஸில் ஆமோன் கோயிலின் தலைமைக் குருவும் அதிகாரம் செலுத்தினர். ஆனால் இரு தரப்பும் ஒரே குடும்பம். சூசென்னஸின் தந்தை முதலாம் பினெட்ஜெம் தீப்ஸின் தலைமைக் குருவாக இருந்து, பின்னர் அரசப் பட்டங்களும் சூடியவர். சூசென்னஸின் ஆட்சியில் அந்தக் குருபீடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்த மென்கெப்பெர்ரே இவருடைய உடன்பிறந்தவர். இவர் மகளை மணந்தவரும் அவரே. சூசென்னஸும் தம் பங்குக்கு ஆமோனின் தலைமைக் குரு என்ற பட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். சில பொருள்களில் ராமேசஸ்-சூசென்னஸ் என்றே தம் பெயரைப் பொறிக்கச் செய்தார்.

தானிஸின் எழுச்சிக்கு ஆறே காரணம். ராமேசஸ் மன்னர்களின் தலைநகரான பை-ராமேசஸ் வழியே ஓடிய நைலின் கிளை தூர்ந்துபோனது. நீர்வழி இல்லாத நகரைக் கைவிட்டவர்கள் அதன் சிலைகளையும் தூண்களையும் கல்தூபிகளையும் பெயர்த்துத் தானிஸுக்குக் கொண்டுவந்தனர். 1929 முதல் அங்கே அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பியர் மோந்தே, எங்கு பார்த்தாலும் இரண்டாம் ராமேசஸின் பெயரே இருந்ததால், தானிஸ்தான் பை-ராமேசஸ் என்று முடிவுசெய்தார். பழைய தலைநகர் தெற்கே காந்திர் பகுதியில் இருந்தது என்பது பின்னர் உறுதியாயிற்று. தானிஸில் சூசென்னஸ் தாமாகக் கட்டியவற்றுள் முதன்மையானது ஆமோன் கோயிலைச் சூழ்ந்த செங்கல் மதில்; அதன் கற்களில் அவர் பெயர் முத்திரையாகப் பதிந்துள்ளது.

கல்லறையையும் அந்த மதிலுக்குள்ளேயே அமைத்தார். தீப்ஸின் அரசர் பள்ளத்தாக்குக் கல்லறைகள் 20ஆம் மரபின் இறுதியில் திருடர் கைப்பட்டதை அக்காலப் பாப்பிரஸ் ஆவணங்களே சொல்கின்றன. கோயில் வளாகத்துக் காவலை நம்பியது வீண்போகவில்லை. 1940 பிப்ரவரியில் மோந்தே திறந்தபோது சூசென்னஸின் அறை யார் கையும் படாமல் இருந்தது. துட்டன்காமன் கல்லறைக்குக்கூட இந்தப் பெருமை கிடையாது, பண்டைக் காலத்திலேயே அதற்குள் திருடர் நுழைந்திருந்தனர். ஐரோப்பா போரில் மூழ்கியிருந்ததால் இந்தக் கண்டுபிடிப்பு உரிய கவனத்தைப் பெறவில்லை.

கழிமுகத்தின் ஈரத்தில் மரமும் துணியும் மக்கி, உடல் வெறும் எலும்பாகியிருந்தது. அதை ஆராய்ந்த டக்ளஸ் டெரி, முதிய வயதில் இறந்தவர் என்று கண்டார். முகத்தில் பொன்முகமூடி, விரல்களில் பொன் உறைகள், உடலைச் சுற்றி முழு வெள்ளியால் ஆன சவப்பெட்டி. எகிப்தில் வெள்ளி அரிது. பெரும்பாலும் மேற்காசியாவிலிருந்து வரவேண்டும். ஒரு கழுத்தணியின் நீலக்கல் மணியில் ஆப்பெழுத்தில் அசீரிய வாசகம் உள்ளது. அசீரிய உயரதிகாரி ஒருவர் தம் மகளின் பொருட்டுப் பொறித்தது. பிப்லோஸுக்குத் தேவதாரு மரம் வாங்கப்போன எகிப்தியத் தூதர் வழியில் வெள்ளியைப் பறிகொடுத்துத் திண்டாடுவதைச் சொல்லும் வெனாமுன் கதை, இம்மரபின் தொடக்கத்தைக் களமாகக் கொண்டது. அதை மட்டும் வைத்து இக்கால எகிப்தை வறிய நாடாகக் காட்டுவோர் இந்த மணியையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

வெள்ளிப்பெட்டியை உள்ளடக்கிய இரண்டு கல் பேழைகளும் பழையவை. உட்பேழை 19ஆம் மரபுக் காலத்துப் பிரமுகர் ஒருவருக்காகச் செய்தது. வெளிப்பேழை, ஏறக்குறைய இரு நூற்றாண்டு முன்பு இறந்த மன்னர் மெர்னெப்டாவுக்குரிய சிவப்புக் கருங்கல் பேழை. அதன் மூடியின் உட்புறத்தில் விண்தெய்வம் நூட், இறந்தவர்மேல் கவிந்திருப்பதுபோல் செதுக்கப்பட்டிருக்கிறாள். மெர்னெப்டாவின் பெயர்களைச் செதுக்கி அகற்றிச் சூசென்னஸ் பெயரைப் பொறித்தவர்கள், மூடிமேல் கிடக்கும் மன்னர் உருவத்தின் இடைக்கச்சையில் ஒரே ஒரு பெயர்ப்பொறிப்பை மட்டும் விட்டுவைத்தனர். அது மறதியாக இருக்க வாய்ப்பில்லை. பழைய மன்னரின் பெருமையில் பங்கு கேட்பதாகவே கொள்ளலாம்.

பழைய பேழைகளை எடுத்தாண்டதை வறுமையின் அடையாளமாகக் கொள்வோர் உண்டு. ஆனால் அரசர் பள்ளத்தாக்கின் மெர்னெப்டா கல்லறையிலிருந்து பேழையை வெளியே இழுத்து, படகேற்றி, நைலின் நெடுந்தொலைவு கடந்து கழிமுகம் சேர்ப்பதற்குப் பொருளும் ஆளும் வேண்டும். அதைவிட முக்கியமாக, தெற்கே ஆண்ட குருமாரின் இசைவு வேண்டும். பகையாளிக்கு அந்தப் பேழை கிடைத்திராது. அவ்வகையில் வடக்குக்கும் தெற்குக்கும் இருந்த உடன்பாட்டுக்கு இதைவிடக் கனமான சான்று இல்லை.

சூசென்னஸுக்குப் பின் அமெனெமோபே ஆண்டார். அவருக்கு வெள்ளிப்பெட்டி வாய்க்கவில்லை. பொன் பூசிய மரப்பெட்டிதான். சூசென்னஸின் கல்லறையிலேயே அரசி முத்நெட்ஜ்மெத்துக்கு ஒதுக்கிய அறையில் அவரை வைத்தனர். அடுத்த மரபின் இரண்டாம் ஷெஷோன்க் மன்னரின் பருந்துமுக வெள்ளிப்பெட்டியும் அதே கல்லறையின் முன்னறையில் வந்து சேர்ந்தது. 1939 மார்ச்சில் மோந்தே கண்ணில் முதலில் பட்டது அந்தப் பெட்டிதான்.