கூலி எதற்கு?



இந்தப் பட்டமளிப்பு விழா அரங்கில் போன் இல்லாத கை இல்லை. ஆனாலும் கல்லூரி ஒரு போட்டோகிராபரைக் காசு கொடுத்து அமர்த்தியிருக்கிறது. அவருடைய தொழிலைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியாவில் சுற்றுலா வருகிறவர்களைப் படமெடுத்துப் பிழைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிலிம் காலத்தில் கழுவிப் பிரிண்ட் போடுவதற்குள் வந்தவர் ஊருக்குப் போய்விடுவார். பிறகு டிஜிட்டல் கேமராவோடு தோள்பையில் சின்ன பிரிண்டரும் பேட்டரியும் வந்தன. நின்ற இடத்திலேயே படம் கைக்கு வந்தது. தொழில்நுட்பம் அவர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த காலம் அது. அடுத்து செல்பி வந்தது. இந்த முறை கருவி வாடிக்கையாளர் கைக்கே போய்விட்டது. 2020 ஊரடங்கில் மிச்சமிருந்த வருமானமும் நின்றது.

மாட்டுங்காவிலும் தாராவி 90 அடி சாலையிலும் ஸ்டுடியோ வைத்தவர்கள் கதை வேறு. போன்தான் ஸ்டுடியோவைக் கொன்றது என்கிறார்கள். பாதிதான் சரி. ஸ்டுடியோவுக்கு அன்றாடம் சோறு போட்டது பாஸ்போர்ட் சைஸ் படம். 2010 செப்டம்பரில், நம் மகாராஷ்டிராவின் நந்தூர்பார் மாவட்டத்தில் டெம்ப்ளி என்ற கிராமத்தில், முதல் ஆதார் எண்கள் தரப்பட்டன. ஆதாருக்குப் பதிவு செய்கிற இடத்திலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். (அந்தப் படத்தில் தன் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலும் கவுண்டரிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்டுடியோ போர்டில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்ற எழுத்து இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு வருகிற பெரியவர்களுக்கு அந்தப் படம் தேவைப்படுவதில்லை.

இதையெல்லாம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். ஆனால் பிலிம் காலம் திரும்பி வர வேண்டும் என்று கேட்கமாட்டேன். ஊட்டியில் 1960-இல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிமை வாங்கினாலும், ஒவ்வொரு கிளிக்கும் காசு. தப்புத் தப்பாக எடுத்துக் கற்றுக்கொள்ள வசதி வேண்டும். அது இல்லாத பையன் யாருக்கோ லைட் பிடித்தே காலத்தை ஓட்டினான். டிஜிட்டல் அந்தச் சுவரை உடைத்தது. மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனிக்குமார், 2017-இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து படமெடுத்துவருகிறார். இருட்டறையும் பிலிமும் காவல் காத்த காலத்தில் அந்தப் படங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சுவர் உடைந்தால் கூலியும் உடையும் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். போரா பஜாரில் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிற புதுப் பையன் பாதி ரேட்டுக்குக் கல்யாணத்தை ஒப்புக்கொள்கிறான். பெண் வீட்டாரோ, “எங்க மச்சான் ஐபோன்லயே எடுத்துடுவான்” என்கிறார்கள். மச்சான் நன்றாகவே எடுப்பார். சாப்பாட்டுப் பந்தி தொடங்கும்வரை. மாட்டுங்கா ஐயர் வீட்டு ஊஞ்சலுக்கு எந்தப் பக்கம் நிற்பது, தாராவி நெல்லைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எந்தத் தாய்மாமனை விட்டால் ஆறு மாதம் பேச்சுவார்த்தை நின்றுபோகும், கெட்டிமேளம் கொட்டும்போது குறுக்கே வருகிற நாலு போன்களை எப்படி மரியாதையாக விலக்குவது என்றெல்லாம் தெரிந்தவருக்குத்தான் இன்று கூலி. பட்டனை அழுத்துவதற்குக் கூலி போய்விட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவைப் படியுங்கள். ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு நீங்கள் எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். எடுத்தவர் நீங்கள் என்பதால் மட்டும் படம் உங்களுடையதாகிவிடாது. அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: படம் யாருக்குச் சொந்தம், விளம்பரத்தில் போடலாமா, செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரக் கொடுக்கலாமா, கொடுத்தால் தனியாக எவ்வளவு. மாமா வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் எழுதி வாங்குங்கள். மாமா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.