ஒரு சிறு கம்பி வளையம்

எங்கள் கையிலுள்ள இந்தக் கம்பி வளையத்தைப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டு நியூயார்க்கில் டாக்டர்கள் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் உல்ஃபும் இத்தகைய வளையத்தை எண்டோஸ்கோப்புக் குழாய் வழியாகச் செலுத்தி, பெருங்குடலில் முளைத்த கட்டியை வயிற்றைக் கீறாமலே அகற்றினார்கள். வளையம் கட்டியின் காம்பை இறுக்கும். மின்சாரம் அதை அறுத்து, இரத்தக் கசிவையும் அடைக்கும். கட்டி தட்டையானால், முதலில் அடியில் உப்புநீரை ஊசியால் ஏற்றி அதை உயர்த்துவார்கள்.

இக்கட்டிகளில் சில, விட்டுவைத்தால், பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும். வலியில்லாததால் பலர் வருவதில்லை. "முன்னமே வந்திருக்கலாமே, ஐயா" என்று படுக்கையிலிருந்து கேட்கும் குரலுக்கு எங்களிடம் பதிலில்லை. ஆகவே, மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று எண்ணி வாளாவிராதீர்கள். வெட்கப்படாமல் பரிசோதனைக்கு வாருங்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள்.