வேலை தேடும் இளைஞர்களும் மத்யன் தரும் படிப்பினையும்

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



தமிழகத்தில் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் பட்டம் பெற்று வெளிவரும் எல்லோருக்கும் முதல் வேலை காத்திருப்பதில்லை. வளாகத் தேர்வில் இடம் கிடைக்காதவர் வெளியே விண்ணப்பித்தால், "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்கள். வேலையே தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்? இந்த வாசலில்தான் நம் பிள்ளைகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள்.

ஜும்ஆவுக்குத் தாமதமாக வந்து, கடைசி ஸஃப்பில் நின்று, ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாக வெளியேறும் இளைஞர்கள் சிலரை நான் பார்க்கிறேன். அவர்களுக்குத் தொழுகையில் ஆர்வமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். வாசலில் நாம் கேட்கப்போகும் "வேலை கிடைத்ததா?" என்ற கேள்விக்கு அஞ்சியே அவர்கள் விரைகிறார்கள்.

அன்பர்களே! திருக்குர்ஆனின் 28ஆவது அத்தியாயமான அல்கஸஸில் ஓர் இளைஞரின் வரலாறு வருகிறது. ஃபிர்அவ்னின் அரண்மனையில் வளர்ந்த மூஸா (அலை) அவர்கள், உயிருக்கு அஞ்சி எகிப்தை விட்டு வெளியேறி மத்யன் வந்து சேர்ந்தார்கள். கையில் பொருளில்லை; பரிந்துரைக்க ஆளில்லை. நீர்நிலையருகே இரு பெண்கள் தம் ஆடுகளுடன் ஒதுங்கி நிற்பதைக் கண்டு, கூலி கேட்காமல் அவற்றுக்கு நீர் புகட்டினார்கள். பின்னர் நிழலில் ஒதுங்கித் தம் தேவையை இறைவனிடம் மட்டும் முறையிட்டார்கள்.

சற்று நேரத்தில் அப்பெண்களின் தந்தையான முதியவரிடமிருந்து அழைப்பு வந்தது. இவரைப் பணியில் அமர்த்துங்கள் என்று மகள் சொன்னபோது எடுத்துக்காட்டிய தகுதிகள் இரண்டே: வலிமையும் நம்பகத்தன்மையும். எட்டு ஆண்டுகள் ஆடு மேய்ப்பது என்று ஒப்பந்தமாயிற்று. பத்தாக நிறைவு செய்தால் அது அவர்களின் பெருந்தன்மை. நீண்ட தவணையையே அவர்கள் நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

இளைஞர்களே! அரண்மனையில் வளர்ந்த நான் ஆடு மேய்ப்பதா என்று மூஸா (அலை) அவர்கள் தயங்கவில்லை. அந்தப் பணியை முடித்துத் திரும்பும் வழியில்தான் தூர் மலையருகே நபித்துவம் வழங்கப்பட்டது. முதல் வேலை சிறியதாக இருப்பது இழிவன்று. படித்த பிரிவிலேயே வேண்டும், பெரிய நிறுவனமே வேண்டும் என்று காலத்தைக் கழிக்காதீர்கள். தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டு, 1973இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி ஓராண்டுப் பயிற்சி, மாத உதவித்தொகை, முடிவில் சான்றிதழ் ஆகியவை கிடைக்கின்றன. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியிலேயே இருக்கிறது. அனுபவம் கேட்பவருக்கு நேர்மையான பதில் இதுவே.

வலிமை என்பது இன்று உங்கள் கைத்திறன். படித்ததை மறக்காமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள். நம்பகத்தன்மையோ விலைக்கு வாங்க முடியாதது. ஆனால் போலி அனுபவச் சான்றிதழை விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். பொய்ச்சாட்சியத்தைப் பெரும் பாவங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பொய்த்தாளின் மீது அமைந்த சம்பளம் மாதந்தோறும் வீட்டுக்குள் எதைக் கொண்டுவரும் என்பதைச் சிந்தியுங்கள். பணம் கொடுத்துக் கொல்லைப்புறமாக வேலை வாங்குவதும் அவ்வாறே; லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் நபிகளாரின் சாபத்திற்கு உள்ளானவர்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் விசாரிக்காமல் புறப்படாதீர்கள். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டார்கள். முகவர் அரசின் உரிமம் பெற்றவரா என்று பார்ப்பதும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதில் அடங்கும்.

பெற்றோர்களே! கல்விக் கடனின் சுமை உங்களை அழுத்துவது உண்மைதான். ஆயினும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சொல்லி உங்கள் பிள்ளையைக் குத்தாதீர்கள். அவமானம் தாங்காத பிள்ளைதான் மேற்சொன்ன தவறான வாசல்களைத் தட்டுகிறான். ரிஸ்க்கின் அளவும் நேரமும் அல்லாஹ்விடம் இருக்கின்றன. முயற்சியே அவனிடம் கேட்கப்படும்.

ஜமாஅத்தின் செல்வர்களே, தொழில் நடத்துவோரே! தம்மிடம் யாசித்து வந்த அன்சாரித் தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுரை மட்டும் கூறி அனுப்பவில்லை. அவர் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் இரண்டு திர்ஹத்துக்கு ஏலத்தில் விற்று, அதில் கோடரி வாங்கச் செய்து, தம் கரத்தாலேயே காம்பு பொருத்தி விறகு வெட்ட அனுப்பினார்கள். நாம் பொருத்தித் தரும் காம்பு எது? உங்கள் பட்டறையில், கட்டுமானப் பணியில், அலுவலகத்தில் ஒரே ஒரு பட்டதாரிக்கு ஓராண்டு ஊதியத்துடன் இடம் கொடுங்கள். அனுபவமுள்ள பொறியாளர்கள் வாரம் ஒரு மாலை மஸ்ஜிதில் அமர்ந்து நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி அளியுங்கள். வாசலில் "வேலை கிடைத்ததா?" என்று கேட்காமல், "உனக்காக யாரிடம் பேச வேண்டும்?" என்று கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான வாழ்வாதாரத்தை வழங்குவாயாக! காத்திருக்கும் காலத்தில் அவர்களின் ஈமானையும் மன உறுதியையும் காப்பாயாக! அவர்களுக்கு உதவும் கரங்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!