மலை வீட்டு விளக்கும் நம் தவணை நோட்டும்

(கொல்லிமலை, செம்மேட்டில் இளைஞர்களிடையேயும் வணிகர்களிடையேயும் ஆற்றிய உரை)

 

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்திருக்கிறீர்கள். இந்தப் பாதை உங்களில் பலருக்குப் புதிதல்ல. மிளகுக்கும் காப்பிக்கும் அன்னாசிக்கும் ஏறி இறங்கிப் பழகிய பாதைதான். ஆனால் அந்த மிளகைப் பறித்துத் தருகிறவரின் வீட்டுக்குள் இரவில் என்ன வெளிச்சம் இருக்கிறது என்று என்றாவது எட்டிப் பார்த்திருக்கிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில், மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் திண்ணையில் ஒதுங்கினேன். கூரையில் சோலார் தகடு. வீட்டுக்குள்ளோ சிம்னி விளக்கு! "தகடு இருக்கிறதே, ஏனம்மா?" என்று கேட்டேன். "பேட்டரி செத்துப் போச்சுங்க பாய். வித்தவரு ரெண்டு வருசமா மலை ஏறவே இல்லீங்க" என்றார் அந்தத் தாய். பேட்டரிப் பெட்டியின் மேல் உப்பு ஜாடி இருந்தது. விற்றவர் யாரென்று விசாரித்தேன். நம்மவர்! நான் தலைகுனிந்துதான் திண்ணையை விட்டு இறங்கினேன்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2011ல் தமிழக அரசு சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 வீடுகள். ஒவ்வொன்றும் 300 சதுர அடி. தொடக்கத்தில் வீட்டுக்கு ஒதுக்கிய 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயில், 30 ஆயிரம் சூரிய விளக்குகளுக்கு. அறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, கழிவறைக்கும் ஒன்று என ஐந்து விளக்குகள். விளக்கின் விலையை வீட்டின் விலையோடு சேர்த்து, ஏழையின் தலையில் கடன் ஏற்றாமல் கொடுத்தது நல்ல யோசனை. யார் ஆட்சியில் வந்தது என்பதற்காக நல்லதை மறைக்கக் கூடாது. ஆனால் சுவரின் ஆயுள் வேறு, பேட்டரியின் ஆயுள் வேறு. ஈய அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். அதன் பிறகு இரண்டாவது பேட்டரிக்குப் பணம்? அங்கேதான் எல்லாத் திட்டமும் மூச்சு வாங்குகிறது.

2024ல் மத்திய அரசு பிரதமரின் சூர்ய கர் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், இரண்டுக்கு 60 ஆயிரம், மூன்றும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய் மானியம். நல்லதுதான். ஆனால் மானியம் தகடு மாட்டிய பிறகே வங்கிக் கணக்கில் விழும். முன்பணம் யார் தருவது? வங்கி தரும், வட்டிக்கு! அந்த வாசலில் நம்மில் பலர் நின்று விடுகிறோம்.

இன்னொன்றையும் கணக்குப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு விளக்கு எரிகிற மலை வீட்டுக்குப் பெரும்பாலும் கட்டணமே வராது. வராத கட்டணத்தை மிச்சம் பிடித்து எப்படித் தவணை கட்டுவது? அதோடு, மின்வாரியக் கம்பியோடு இணைத்த, பேட்டரி இல்லாத தகடு, கரண்ட் போனால் தானும் நின்று விடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். காற்றும் மழையும் அடிக்கிற இரவில்தான் இங்கே கரண்ட் போகும், அந்த இரவில்தான் விளக்கும் வேண்டும். ஆகவே பெரிய தகடு கடைக்கும் பள்ளிவாசலுக்கும் பொருந்தும். இந்தச் சிறு வீட்டுக்கு வேண்டியது சிறிய பேட்டரி விளக்கு.

அதையும் சிக்கனமாகச் செய்யலாம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஐந்து, நாலு மணி நேரம் எரிந்தால் 1,200 வாட் மணி. அதே வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. ஐந்து போட்டால் 180 தான்! ஒரு 40 ஆம்பியர் பேட்டரி தாங்கும். பல்பை மாற்றினால் பேட்டரி சிறுக்கும், பேட்டரி சிறுத்தால் கடன் சிறுக்கும். (கீழே நாமக்கல்லில் மின்விசிறி இல்லாமல் உறங்க முடியாது. இங்கே மார்கழியில் கம்பளிதான் கேட்கிறது. அந்தச் செலவும் மிச்சம்.)

வங்கதேசத்தைப் பாருங்கள். 2003ல் இட்கால் என்ற நிறுவனத்தின் திட்டம் தொடங்கி, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராம வீடுகளுக்குத் தவணையில் சூரிய விளக்கு போயிற்று. வட்டி அங்கும் இருந்தது, அதை நான் முன்மாதிரியாகச் சொல்லவில்லை. தவணை வாங்கப் போகிறவரே பேட்டரியையும் பார்த்து விட்டு வந்தார், அதைச் சொல்கிறேன். பின்னால் மின்கம்பி கிராமத்துக்கு வந்ததும் பலர் தவணையை நிறுத்தினார்கள் என்பதையும் மறந்து விடாதீர்கள்.

நம் வியாபாரிகளிடம் நான் கேட்பது இதுதான். விளக்கு செட்டை நீங்கள் ரொக்கத்துக்கு வாங்குங்கள். ஒரு பேச்சுக்கு அடக்க விலை 8,000 என்றால், அதையும் உங்கள் லாபம் 800 ரூபாயையும் வாங்குபவர் முன் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதுவே முராபஹா. பேசிய விலை பேசியதுதான். தாமதமானால் ஒரு பைசா ஏறக் கூடாது. தவணையை மாதச் சம்பளக்காரருக்குப் போல வைக்காதீர்கள். காப்பியும் மிளகும் கைக்கு வரும் காலத்தில் பெரும் பகுதி, மற்ற மாதங்களில் சிறு தொகை. அதில் மாதம் நூறு ரூபாயை அடுத்த பேட்டரிக்கென்று தனி நோட்டில் எழுதி ஜமாஅத்திடம் ஒப்படையுங்கள். அது அமானிதம். உங்கள் முதலில் கலக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. விளக்கைக் கடனுக்குக் கொடுத்து, "மிளகை எனக்கே தர வேண்டும், இந்த விலைக்கு" என்று எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சகோதரர்களே, கடனைக் காட்டிப் பறிக்கிற ஆதாயமும் வட்டிதான்! பெயரை மாற்றினால் ஹலால் ஆகி விடுமா? மிளகை அன்றைய சந்தை விலைக்கு வாங்குங்கள். விளக்குக் கணக்கு வேறு, மிளகுக் கணக்கு வேறு நோட்டில் இருக்கட்டும்.

இளைஞர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. பேட்டரிக்கு வடிநீர் ஊற்றவும், முனையில் பூத்த உப்பைத் துடைக்கவும், வோல்ட் பார்க்கவும் ஒரு நாளில் கற்றுக் கொள்ளலாம். மலையின் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் நான் அந்தத் திண்ணை வீட்டுக்குப் போகிறேன். புது பேட்டரி வண்டியில் இருக்கிறது. தூக்க இரண்டு பேர் வேண்டும்.